ரேஞ்சரம்மா காடு பார்க்கப் போன கதை

ஒரே ஒரு நாள் காட்டைப் பார்ப்பதற்கு நான்கு மாதம் ஆயத்தம் செய்தவர் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். புலி வேட்டைக்குப் புறப்படும் துரைமார்கள்கூட அத்தனை ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். சேலத்தில் நான் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் படித்தபோது அவர் எங்கள் விடுதி மேட்ரன். நாங்கள் வைத்த பெயர் ரேஞ்சரம்மா.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவருடைய காலஞ்சென்ற கணவர் ரேஞ்சர் அல்ல, வெறும் கார்டு, காட்டுக் காவலாள். நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்துச் சர்க்கார் காட்டில் பதினோரு வருஷம் காவல் இருந்தவர். இவரும் அதே பதினோரு வருஷம் காட்டின் கேட்டுக்கு வெளியே ஒரு குடிசையில் சோறாக்கிக்கொண்டிருந்தார். "என்னையும் ஒருக்கா உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டால், "பொம்பளைக்கு அங்க என்ன வேலை" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விடுவாராம்.

அந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் ரேஞ்சரம்மா வேலையை விட்டுவிட்டுக் கோலாரிலுள்ள தம்பி வீட்டோடு போய்விடுவதாக இருந்தார். அதற்குள் அந்தக் காட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தனியாகப் போனால் விட மாட்டார்கள். மாணவிகள் இயற்கைப் பாடத்துக்காகப் போனால் விடுவார்கள். ஆகவே எங்கள் பன்னிரண்டு பேருக்கும் திடீரென்று இயற்கைப் பாடத்தில் அக்கறை உண்டாக்கப்பட்டது.

விண்ணப்பம் எழுதும் பொறுப்பு எனக்கு. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இங்கிலீஷிலேயே எழுதுகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். அந்தக் கர்வம் இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

"பன்னண்டு புள்ளைங்களும் ஒரு மேட்ரனும் வாரோமுன்னு எழுது சாமி."

"எழுதிட்டேனுங்கம்மா."

"அன்னைக்கு ஒரு நாளு மட்டும் கரடியெல்லாம் புடிச்சுக் கட்டிப் போடச் சொல்லு."

"கரடிய எப்படிங்கம்மா கட்டுவாங்க?"

"அது அவிய பாடு. நீ எழுது."

எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். குறித்த நாளில் மாலை ஐந்து மணி வரை அனுமதி என்று பதில் வந்தது. கரடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"முடியாதுன்னு சொல்லலையில்ல? அப்பக் கட்டிப் போட்டிருவாங்க" என்றார் ரேஞ்சரம்மா.

இருந்தாலும் கட்டு அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? தினமும் சாயங்காலம் விடுதி வேப்பமரத்தில் ஏறப் பழக்கினார். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரும் கிளைக்கு ஒருத்தியாகத் தொங்கினோம். ஒரு மாதம் கழித்து, மலைத்தேன் விற்க வந்த கிழவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, மரம் ஏறுறதுல கரடி இவியளவிடக் கெட்டிங்களே" என்றார்.

அன்றைக்கே பாடம் மாறியது. இனிக் கரடி வந்தால் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது மரம் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவழியாகத் தேறி நாங்கள் கல்லாய்ச் சமைந்திருந்த ஒரு மாலையில் தலைமையாசிரியை வந்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை.

"என்ன இது?" என்றார் தலைமையாசிரியை.

"ஒண்ணுமில்லீங்க. உங்களக் கரடின்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க" என்றார் ரேஞ்சரம்மா.

இதன் பலன் உடனே கிடைத்தது. பன்னிரண்டு தகப்பன்மாரும் சம்மதம் சொல்ல வேண்டும், ஒருவர் மறுத்தாலும் பயணம் கிடையாது என்று உத்தரவாயிற்று.

பதினோரு சம்மதங்கள் வந்தன. வராதது என் அப்பாவுடையது. சாமியிடம் பூக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

மறு ஞாயிறே ரேஞ்சரம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். கோயிலில் அப்பாவும் பெரியப்பாவும் காத்திருந்தார்கள்.

"படிக்க வெச்சதே தப்பு. இப்பக் காட்டுக்கு வேறயா?" என்றார் பெரியப்பா. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பூவ நான் மடிச்சுத் தாரேனுங்க" என்று ரேஞ்சரம்மா பூத்தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

என் தங்கச்சி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பூசாரி, வழக்கப்படி மற்றப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டார். அதிலும் வெள்ளை அரளி.

பூசாரி இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதென்னங்கம்மா?" என்றார் பெரியப்பா.

"சாமிக்கு ரெட்டிப்புச் சம்மதமுங்க" என்றார் ரேஞ்சரம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்கம்மா, அந்தக் காட்டுல அப்படி என்னதானுங்க இருக்குது?"

"தெரியலீங்க. எங்க ஊட்டுக்காரரு பதினோரு வருஷத்த அங்கதான் கழிச்சாரு. என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு தெரிஞ்சுக்கோணும், அவ்வளவுதானுங்க."

அப்பா வெள்ளைப் பூவை எடுத்து என் கையில் கொடுத்தார். "போயிட்டு வா சாமி. இந்தம்மாவப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

பயண நாளன்று விடியும் முன்பே புறப்பட்டோம். கரடியை விரட்டத் தாம்பாளம், கிணற்றுக் கயிறு, ஒரு தூக்கு ரசம், பன்னிரண்டு பேருக்கும் அடிபட்டால் வேண்டிய கட்டுத்துணி எல்லாம் கூட வந்தன. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் வழியில் நான்கு இடத்தில் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் நாங்கள் இறங்கித் தள்ளினோம். அப்புறம் மாட்டு வண்டி. காட்டுக் கேட்டை அடைந்தபோது மணி நாலரை.

"அஞ்சுக்குச் சாத்தோணுமுங்க. அரை மணிதான்" என்றார் அங்கிருந்த கார்டு.

ரேஞ்சரம்மா அவரோடு வாதாடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ தாம்பாளத்தையும் கயிற்றையும் கேட்டடியில் அப்படியே போட்டுவிட்டு விடுவிடென்று உள்ளே நடந்தார். ஓடைக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். எதிரே மரங்களுக்கு மேல் மரங்களாக மலை வரைக்கும் ஏறிப்போயிற்று காடு. எங்கேயோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது.

"இத்தனையும் தனியாவே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்" என்றார். கோபமா, சந்தோஷமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கார்டு வந்து நேரமாயிற்று என்று இருமினார். நான் எழுந்து அவரிடம் போனேன்.

"அண்ணா, உங்க ஊடு எங்கீங்க?"

"கேட்டுக்கு வெளியத்தானுங்க."

"ஊட்டுல அக்கா இந்தக் காட்டைப் பாத்திருக்காங்களா?"

அவர் ரேஞ்சரம்மாவைப் பார்த்தார். பிறகு தடியை மரத்தில் சாத்திவிட்டு ஒரு வேரின்மேல் உட்கார்ந்தார்.

அன்று கேட்டைச் சாத்தும்போது மணி ஆறு. அதுவரை, எழுந்திருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் மனம் வரவில்லை.