லோங்காங் மண்டோரும் என் சிமெண்டு வாசலும்

மலாக்காவில் லோங்காங் மண்டோரிடம் அனுமதி வாங்காமல் பெய்த மழை மிகக் குறைவு. அப்படித் துணிந்து பெய்த மழையும் அவருடைய வேலியைத் தாண்டி வெளியே போனதில்லை. அவர் போகவிட்டதில்லை.

லோங்காங் என்றால் எங்கள் ஊரில் தெருவோரத் திறந்த சாக்கடை. அதைச் சுத்தம் செய்யும் பதினான்கு பேருக்கு அவர் மேற்பார்வைக்காரர், அதாவது மண்டோர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். காஜா பெராங்கில் பதினொரு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் என் பெயரைக் கேட்டதில்லை. நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஆகவே அவருக்கு நான் கிராணி.

எங்கள் சந்தில் ஒன்பது வீடுகள். ஒன்பதுக்கும் ஒரே கிணறு. குழாய்த் தண்ணீர் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. அதைப் பிடிக்க வேண்டுமானால் என் காலடிக்கு அறுநூற்று எண்பது அடி நடக்க வேண்டும். சந்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். என் வீடு மேட்டில், கிணறு பள்ளத்தில். கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், அதிலும் மேட்டுப் பக்கம் இடிந்து கிடந்தது. இந்தச் சரிவுதான் மண்டோரின் தூக்கத்தைக் கெடுத்தது. அவருடைய தூக்கம் கெட்டதால் எட்டு வீட்டுக்காரர்களின் தூக்கமும் கெட்டது.

"இருபது வருசமா லோங்காங்க வழிக்கிறேன் கிராணி. உங்க வாசல்ல என்னா கிடக்கோ அதுதான் அங்க கிடக்கு. கோழிப் பீ, சவுக்காரம், மீன் கழுவுன தண்ணி. மழை ஒண்ணயும் உட்டுட்டுப் போவாது. எல்லாத்தயும் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுத்தான் போவும்."

"மழையை நான் என்ன செய்ய முடியும் மண்டோர்?"

"உங்க வாசல்ல உழுந்த மழை உங்க வாசல்லயே உக்காரணும். ஊர் சுத்தக்கூடாது."

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமிருக்காது. அவருடைய தோட்டம் மலாக்காவிலேயே அசிங்கமான தோட்டம். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகப் பள்ளம். பள்ளத்தின் கரையில் செராய்ப் புல், அதாவது எலுமிச்சைப் புல், பள்ளத்துக்குள் சேம்பு. குளிக்கிற இடத்தைச் சுற்றி ஏழு வாழை. தகரக் கூரையிலிருந்து வழியும் தண்ணீருக்கு ஏழு மண் ஜாடி, ஒவ்வொன்றுக்கும் பலகை மூடி. கோழி எருவை மழை கரைத்துவிடக்கூடாது என்று அந்தக் குவியலுக்கு அத்தாப்பு ஓலையில் அருமையான கூரை போட்டிருந்தார். அவர் படுக்கும் அறையின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது.

தன் தோட்டம் முடிந்ததும் எங்கள் தோட்டங்களுக்கு வந்தார். அனுமதி கேட்கும் பழக்கம் கிடையாது. மண்வெட்டியோடு வருவார், குறுக்கே ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டுவார், போய்விடுவார். எட்டு வீடுகளில் மொத்தம் முப்பத்தொரு பள்ளம். அவற்றில் நான்கில் நான் விழுந்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு முறை.

பிறகு பரீட்சை ஆரம்பமானது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் வீடு வீடாகப் போய்க் கோழிக்கூட்டுப் பக்கம் எதையாவது தூவுவார். ஒரு வீட்டுக்கு உமி, ஒரு வீட்டுக்கு மரத்தூள், எனக்குக் கடலைத்தோல். தூவிவிட்டுத் தலையில் ஒரு கோணிப்பையைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவார். எந்த வீட்டுச் சரக்கு கிணற்றுக்கு வந்து சேர்கிறதோ அந்த வீடு ஃபெயில்.

"கிராணி! உங்க கடலைத்தோல் பத்தொம்பது வந்திருக்கு."

"இருபத்தொன்று," என்றேன். குடை பிடித்துக்கொண்டு நானும் எண்ணியிருந்தேன்.

"பெருமையா சொல்றீங்களே, வெக்கமா இல்லயா?"

அது நாடு சுதந்திரம் பெறவிருந்த வருடம். வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், வேலி கட்டினார்கள். எனக்கு வேறோர் அவசரமும் இருந்தது. என் தங்கையைப் பெண் பார்க்கச் செமாபோக்கிலிருந்து வருவதாக இருந்தார்கள். வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்கலாமா? வாசல் முழுவதையும் சிமெண்டு பூசிவிட முடிவு செய்தேன். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினாறு. சந்திலேயே முதல் சிமெண்டு வாசல்.

மண்டோர் வேலியில் வந்து நின்றார். பிணத்தைப் பார்ப்பதுபோல் என் வாசலைப் பார்த்தார்.

"மண்ணுன்னா பாதிய குடிச்சிக்கும். இது ஒரு சொட்டு குடிக்காது கிராணி. மொத்தமா கிணத்துல கொண்டுபோய்த் தள்ளும்."

"வெள்ளைக்காரனே போறான் மண்டோர். கொஞ்சம் தண்ணி போனா என்னவாம்?"

"வெள்ளைக்காரன் போவட்டும். தண்ணி இருக்கணும்லா!"

அன்று சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது சிமெண்டின் கீழ் ஓரத்தில் நான்கு அடி நீளத்துக்கு உடைத்து, பள்ளம் வெட்டி, தேங்காய் மட்டையால் அதை நிரப்பியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் தெருவே கூடிவிட்டது. அவரை நிற்க வைத்து, அவர் கையாலேயே பள்ளத்தை மூட வைத்து, மறுபடி சிமெண்டு பூச வைத்தேன். கொத்தனாரைவிட நன்றாகவே பூசினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெண் பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்கு. சிமெண்டு வாசல் இருக்கும்போது வெறும் அரிசி மாவில் கோலம் போட முடியுமா? சிவப்புச் சாயப்பொடி வாங்கி வந்து தங்கையிடம் கொடுத்தேன். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை. அவள் மூன்று மணி நேரம் குனிந்து போட்டாள். இரண்டு படி சாயம் உள்ளே போயிற்று.

"போதும் அண்ணே, நிறம் ரொம்ப அடிக்குது," என்றாள்.

"இன்னும் போடு. செமாபோக்கிலிருந்தே தெரியட்டும்," என்றேன்.

மண் வாசலில் கோலத்தின் மேல் மழை பெய்தால் மண் அதைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சிமெண்டு எதையும் வாங்கிக்கொள்ளாது. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மழை பிடித்தது. இருபத்தைந்து நிமிடம் கொட்டியது. கோலம் அப்படியே எழுந்து கிளம்பியது. போகிற வழியில் என் கோழிக்கூட்டு அசுத்தம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடியது.

கிணற்றடியிலிருந்து முதலில் கேட்டது எதிர்வீட்டுச் செட்டி அம்மாளின் குரல். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான்.

"ஆயர் மேரா! ஆயர் மேரா!"

சிவப்புத் தண்ணீர். போய் எட்டிப் பார்த்தேன். ரோஸ் சர்பத் மாதிரி இருந்தது. அதன் மேல் மிதந்தவற்றை நான் எண்ணவில்லை, எண்ணக்கூடிய பொருளும் அல்ல. ஒன்பது வீடு, நாற்பத்தேழு பேர், ஒரு கிணறு. நாற்பத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மண்டோர் கோணிப்பையோடு வந்தார். சொல்லிக்காட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது இவ்வளவுதான்:

"வாளி எத்தன இருக்கு?"

"ஆறு."

"எறைக்கலாம். அடி மண்ணு தெரியற வரைக்கும்."

இறைத்தோம். ஆனால் இறைத்த தண்ணீரைப் பத்தடியில் இருந்த லோங்காங்கில் ஊற்ற அவர் விடவில்லை. ஒவ்வொரு வாளியையும் நாற்பத்திரண்டு அடி மேடேறித் தூக்கிப் போய் அவருடைய பள்ளத்தில் ஊற்ற வேண்டுமாம்.

"ஏன் மண்டோர், இதோ லோங்காங் இருக்கே!"

"அது ஆத்துக்குப் போவுது. அங்க ஒருத்தன் குளிப்பான், ஒருத்தன் மீன் புடிப்பான். நம்ம அழுக்க அவன் தலையில ஊத்தவா? தூக்குங்க கிராணி, பேசாதீங்க."

ஐந்து மணிக்கு இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்களில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். நான் இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாமல், கீழே சிவப்பு வேட்டியோடு நின்றேன். காலையில் அது வெள்ளை வேட்டி. "வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மண்டோர் அந்த ஐவரில் இளைஞனாக இருந்தவனைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, சும்மாவா நிக்கிறீங்க? சட்டைய கழட்டுங்க. இந்தாங்க வாளி."

"மண்டோர்! அவருதான் மாப்பிள்ளை!" என்று அலறினேன்.

"அதனால என்னா? மாப்பிள்ளைக்குக் கை இல்லயா?"

பையன் சிரித்துவிட்டான். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். வெள்ளைக் கால்சட்டையோடு அறுபத்து நான்கு வாளி தூக்கினான். தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தது அவள்தான். மண்டோரின் ஜாடித் தண்ணீரில் என் மனைவி காப்பி போட்டாள். கொஞ்சம் தகர வாடை. பையனின் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"இந்தச் சந்துல எல்லாரும் உடம்ப வளைக்கிறாங்க. பொண்ணும் வளைப்பா. எங்களுக்குச் சம்மதம்."

மொத்தம் முந்நூற்று முப்பத்தொரு வாளி. அடி மண் தெரிந்தது. ஆனால் ஊறிவந்த தண்ணீரிலும் ஒரு நிறம், ஒரு நாற்றம். குடிக்கக்கூடாது என்றார் மண்டோர். தினமும் காலையில் இறைத்துக் கொட்டினோம். குடிக்கத் தண்ணீரைப் பெரிய சாலையிலிருந்து சுமந்தோம். அந்த அறுநூற்று எண்பது அடியை நான் எத்தனை முறை நடந்தேன் என்று கேட்காதீர்கள், முழங்கால் இன்றைக்கும் சொல்கிறது.

சிமெண்டு வாசலை உடைக்கக் கடப்பாரையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். உடைத்துக் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டார்.

"போன தடவ நான் ஒடச்சப்ப சத்தம் போட்டீங்க. இப்ப நீங்களே ஒடைங்க."

மூன்று சாயங்காலம் உடைத்து, அவர் தோட்டம் மாதிரியே பள்ளம் வெட்டி நட்டேன். வேலியில் சாய்ந்துகொண்டு, பள்ளம் கோணலாகப் போகிறது, செராய்த் தூரை நெருக்கி நடவில்லை, வாழைக்கன்றைத் தலைகீழாகப் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் இடிந்த பக்கத்தை, என் சிமெண்டுத் துண்டுகளை அடுக்கி, இடுப்பு உயரத்துக்கு அவரே கட்டினார்.

பத்தாம் நாள் காலை கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நாற்றம் இல்லை. ஆனாலும் யாரும் குடிக்கத் துணியவில்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைகள்.

மண்டோர் ஒரு குவளை மொண்டார். காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை. மளமளவென்று குடித்தார். இன்னொரு குவளையும் குடித்தார்.

"பொழுது சாயற வரைக்கும் யாரும் தொடாதீங்க. எனக்கு வவுத்த வலிச்சா இன்னும் பத்து நாளு எறைக்கணும்." சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு வாய்க் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லாத வீடு.

நான் அவருக்கு அடுத்த படியில் உட்கார்ந்தேன்.

"வேலைக்குப் போவலயா கிராணி?"

"லீவு."

"என்னாத்துக்கு?"

"சும்மா."

"ஆறு வருசமா லீவே எடுக்காத ஆளு, சும்மாவா எடுத்தீங்க?"

என் மடியில் ஓமத் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அது அவர் கண்ணில் படாமல் துண்டால் மூடிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவர் இருமினால் திரும்பிப் பார்த்தேன். வயிற்றைச் சொறிந்தால் எழுந்து நின்றேன். "என்னா கிராணி, கோழி மாதிரி எட்டி எட்டிப் பாக்கறீங்க" என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ஆறு மணிக்கு அவர் சோம்பல் முறித்தார்.

"பசிக்குது கிராணி. உங்க வீட்டுல என்னா கொழம்பு?"

நாடே நல்ல செய்திக்குக் காத்திருந்த வருடம் அது. என் காதில் விழுந்தவற்றில் அதைவிட நல்ல செய்தி வேறொன்றுமில்லை.