புள்ளலூர் முதல் அத்தியாயமான விதம்

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

வாலாஜாபாத்தில் அச்சகம் நடத்தும் மதிப்பிற்குரிய சம்பந்தி விஜயராகவன் அவர்களுக்கு, ரிட்டயர்டு சர்வேயர் ஜெகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வசந்தகுமாரியும் சுகம். அங்கே சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் சுபாஷ்ரீயும் சுகமாக இருப்பீர்கள் என்றும், நீங்கள் என் ஃபோனை எடுக்காதது வேலை மும்முரத்தால்தான் என்றும் எடுத்துக்கொண்டேன்.

மிஷினை ஓட்டுங்கள் சம்பந்தி, ஜெயித்துவிட்டேன்! பதினோரு வருஷம் வெயிலில் அலைந்து எழுதிய நம் வட்டார வரலாறு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முதல் அத்தியாயம் எந்த ஊர் என்ற ஒரே கேள்வியில் மூன்று மாதமாக மாட்டிக்கொண்டு நின்றதே, அது தீர்ந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேரை இரண்டாவதாகப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதேதான் இங்கேயும். கூரத்து முனியன், "பல்லவன் கோயிலு எங்க ஊர்ல கீது. எங்கள பின்னாடி தள்ளிட்டு நீ எப்படி புத்தக விழா நடத்துறேன்னு பாக்கறேன்" என்றார். புள்ளலூர் மங்கம்மா, "சண்ட நடந்தது எங்க கொல்லையில. கோயிலு எங்க வேணா கட்டிக்கலாம்" என்றாள். இன்னும் ஏழு ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து வந்து ஒரே பேஜார். குடவோலை கண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டென்று தோன்றியது பாருங்கள்! ஒன்பது ஊர்ப் பேரையும் ஓலையில் எழுதும் வேலையை வசந்தகுமாரியிடம் விட்டுவிட்டு, மைக் செட்டுக்குச் சொல்ல ஓடினேன். நேற்று எல்லா ஊர்க்காரர்களும் கூடி நிற்க, எந்த ஊருக்கும் உறவில்லாத தபால்காரம்மா திலகா குடத்தில் கையை விட்டு ஓலையை எடுத்தார். புள்ளலூர்! முனியனே என் கையைப் பிடித்து, "பெருமாளே எடுத்தா மாதிரி கீது நைனா, ஒத்துக்கிறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சம்பந்தி.

உங்கள் பார்வைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து சில வரிகள்: ‘இவ்வூரில் பல்லவரும் சாளுக்கியரும் மோதினர். வென்றது யாமே என்று பல்லவர் செப்பேடு கூறுகிறது. வென்றது யாமே என்று சாளுக்கியர் கல்வெட்டும் கூறுகிறது. இருவரையும் ஒன்றாக வைத்து விசாரித்ததாகத் தகவல் இல்லை.’ குடவோலை அத்தியாயத்தில் இன்று காலை ஒரு வரி சேர்த்தேன்: ‘குடத்தில் விழுந்த ஓலையில் எவரும் கைவைக்க முடியாது என்பதை இந்நூலாசிரியர் தம் வீட்டு வாசலிலேயே நிரூபித்துள்ளார்.’ இதைத் தடித்த எழுத்தில் போடவும்.

சுபாஷ்ரீக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
ஜெகநாதன்.

பி.கு.: கவரை ஒட்டுமுன் குடத்தைக் கழுவி வைக்கலாமென்று கவிழ்த்தேன். மீதி எட்டு ஓலையிலும் புள்ளலூர். வசந்தகுமாரி பிறந்த ஊர் புள்ளலூர் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு அப்போதுதான் வந்தது. "இன்னாம்மா இது?" என்றேன். "நன்றி சொல்ற பக்கத்துல எழுபத்திமூணு பேரு கீறாங்க. ஜெராக்ஸ் கடைக்காரரு கீறாரு. உங்கள நாய் கடிச்சப்ப ஊசி போட்ட நர்சம்மா கீறாங்க. பதினோரு வருஷமா உங்க கிறுக்கலப் பாத்து திருத்தி எழுதுனவ பேரு எங்க? நான்தான் இல்ல, எங்க ஊராவது மொதல்ல வரட்டும்" என்றாள். எட்டு ஓலையும் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டன, முனியனுக்குத் தெரிய வேண்டாம். அந்தத் தடித்த எழுத்து வரியை எடுத்துவிடுங்கள். நன்றிப் பக்கம் அச்சாகியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் பேராக ‘வசந்தகுமாரி, புள்ளலூர்’ என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள் சம்பந்தி.