கெஸ்லரின் வேர்வை

பால்கனிக் கொடியில் தொங்கிய ஜேர்சி மஞ்சளாக இருந்தது. காலையில் மகேந்திரராஜா பஸ் ஓட்டப் போகும்போது அது வெள்ளையாக, பெட்டிக்குள் இருந்தது.

“யோகம், இதை ஆர் தோய்ச்சது?” என்று மனைவியைக் கேட்டார்.

“நான்தான். செத்த மனுசன்ரை உடுப்பைச் சாமித்தட்டுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறியள். துடக்கெல்லே, தீட்டெல்லே? மஞ்சள் தண்ணியிலை ஊறப்போட்டுத் தோய்ச்சனான்.”

மகேந்திரராஜா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். ஸ்டுட்கார்ட்டில் மற்றவர்கள் வீடு சேர்த்தார்கள், நகை சேர்த்தார்கள். இவர் ஐஸ் ஹொக்கிக்காரர்கள் ஆட்டத்தில் போட்டுக் கழற்றிய பழைய ஜேர்சிகளைச் சேர்த்தார். அந்த உலகத்தில் புதுசுக்கு மதிப்பில்லை. மட்டை பட்ட கறுப்பு, இரத்தக்கறை, வேர்வை நாற்றம், இவைதான் சொத்து. தோய்த்தால் போச்சு.

“அந்த வேர்வைக்குத்தான் யோகம் மதிப்பு.”

“உங்கடை வேர்வைச் சேட்டை மட்டும் நிலத்திலை எறியிறியள். அதையும் பெட்டியிலை வைச்சுப் பூட்டுங்கோவன்.”

வெறும் நட்டமென்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் அந்த ஜேர்சியைப் போட்டு விளையாடிய கெஸ்லரின் மனைவி அடுத்த நாள் பின்னேரம் வருவதாக இருந்தது. தகப்பன் இறந்தபின் நிலவறையை ஒதுக்கிய மகன், பழம்பொருள் சந்தையில் இதை மகேந்திரராஜாவுக்கு விற்றிருந்தான். தாய் அவரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசி எடுத்து, ஜேர்மன் மொழியில் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“யாராவது அதைத் துவைத்தீர்களா?”

“ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவிடவில்லை.”

“அதில் அடையாளங்கள் ஏதும் உண்டா?”

உண்மையில் கழுத்தோரம் ஒரு சின்னத் துருக்கறையைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் சேகரிக்கிறவனுக்கும் ஒரு பெருமை வேண்டாமா? “நிறைய உண்டு. இரத்தம்கூட இருக்கிறது” என்று அவர் சொல்லிவிட்டார்.

 பிறகு, “நான் வந்து பார்க்கலாமா?” என்று கேட்டது அந்தக் குரல். பாவம், புருஷனின் வாசனையை ஒருதரம் மோந்து பார்க்க ஆசைப்படுகிறார் என்று மகேந்திரராஜா உருகிப்போனார். இப்போது மஞ்சள் ஜேர்சியை வெறித்துப் பார்த்தார்.

“உதுக்கேன் முழுசிறியள்? மஞ்சளை எடுத்துத் தாறன்,” என்று யோகம், வெளுக்கிற தூளையும் லாவண்டர் மணக்கும் ஏதோ ஒன்றையும் போட்டு மெசினை ஓடவிட்டார்.

மஞ்சள் போனது. துருக்கறையும் போனது. ஜேர்சி கலியாண வேட்டி போலப் பளிச்சென்றாகி, வீடு முழுக்க மணத்தது.

மறுநாள் மத்தியானம் மகேந்திரராஜா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலவறைக்குப் போய், தன் சைக்கிள் ரயரில் தேய்த்தார். கறுப்பு நன்றாகவே பிடித்தது. தூக்கிப் பார்த்தால், கெஸ்லரின் நெஞ்சின் மேல் யாரோ சைக்கிள் ஏற்றிவிட்டுப் போன தடம். கையால் அழிக்கப் பார்த்தார். அது வயிறு முழுக்கப் பரவியது.

அடுத்தது வேர்வை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜேர்சியை மாட்டிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கி ஓடத் தொடங்கினார். ஐம்பது தாண்டிய உடம்பு, முழங்கால் வரை தொங்கும் ஜேர்சி. இரண்டாம் மாடி வாசுதேவன் குப்பைப் பையோடு வெளியே வந்தான்.

“என்னண்ணை, லிப்ட் பழுதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் படியிலை ஓடுறியள்?”

“சுகர்.”

வாசுதேவன் இரக்கப்பட்டு, குப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே ஏறினான். “பாகற்காய்ச் சாறு குடியுங்கோ அண்ணை. என்ரை மாமாவுக்கு நல்லா இறங்கினது.”

இளையவனுக்கு முன்னால் மூச்சு வாங்க வெட்கப்பட்டு மகேந்திரராஜா வேகத்தைக் கூட்டினார். நாலாம் மாடித் திருப்பத்தில் கால் தடக்கியது. மூக்கு கைபிடியில் அடித்து, இரத்தம் ஜேர்சியில் சொட்டியது.

“அண்ணை, ரத்தம் வருது.”

“நல்லது,” என்றார் மகேந்திரராஜா.

வாசுதேவன் பயந்துபோய் யோகத்தைக் கூப்பிட ஓடினான்.

யோகம் அவருடைய மூக்கில் பஞ்சை அடைத்தார். மகேந்திரராஜா இரத்தக்கறை பழசாகத் தெரியட்டும் என்று அதன்மேல் ஆறிய தேத்தண்ணியைத் தெளித்தார்.

“உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? ஆக்கள் வாற நேரத்திலை வீடு நாறுது. பொறுங்கோ, ஊதுபத்தி கொளுத்துறன்.”

“வேண்டாம். நாறட்டும்.”

பெல் அடித்தது.

கெஸ்லர் அம்மையாருக்கு எண்பதுக்குக் கிட்ட வரும். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் விரித்திருந்த ஜேர்சியைத் தொட்டார்.

“ஈரமாக இருக்கிறதே?”

“நிலவறைக் குளிர்,” என்றார் மகேந்திரராஜா, மூக்கில் பஞ்சோடு.

அம்மையாரின் விரல் கறுப்பைத் தடவியது. இரத்தத்தின் மேல் நின்றது. பிறகு ஜேர்சியை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

மகேந்திரராஜாவுக்குக் காது சுட்டது. தன்னுடைய வேர்வையை ஒரு வயசுபோன மனுஷி புருஷனின் வேர்வை என்று மோந்து அழ, பக்கத்தில் நின்று பார்ப்பதைவிட வெட்கக்கேடு வேறென்ன? இத்தனை நாள் சேர்த்த ஜேர்சிகளையெல்லாம் ஒரேயடியாகக் கொளுத்திவிடலாம் போலிருந்தது. போதும், சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தார்.

“அம்மா, நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும்.”

அம்மையார் கையை உயர்த்தித் தடுத்தார்.

“முதலில் நான் சொல்கிறேன். என் கணவர் அணியில் எப்போதும் மாற்று ஆள்தான். ஒரேயொரு ஆட்டத்தில் தன்னை இறக்கினார்கள், அந்தச் சட்டை பெட்டியில் இருக்கிறது என்று சாகும்வரை சொன்னார். நான் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாங்குப் பலகையில் குந்தியிருந்தவருக்கு வாய் மட்டும்தான் ஓடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.”

“என்னவாம்?” என்று ஜேர்மன் விளங்காத யோகம் மெல்லக் கேட்டார். மகேந்திரராஜா மூக்குப் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினார்.

கெஸ்லர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தார்.

“அவர் பொய்யர் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் இன்றைக்கு வந்தேன். இந்தக் கறைகளைப் பார்த்தபின் நேரே கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் ஏதோ உண்மை சொல்ல வந்தீர்களே, என்ன அது?”