நட்டுவக்காலி மாப்பிள்ளை

இப்போதைய மனிசருக்கு இரக்கம் கூடிப்போய்விட்டது. முன்பெல்லாம் தேளைக் கண்டால் செருப்பைத் தேடுவோம். இப்போது தேளைக் கண்டால், பாவம், அதற்கு என்ன மனக்கவலையோ என்று தேடுகிறார்கள். மனிசகுலம் உச்சிக்கு ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். சந்திரனுக்குப் போனதையெல்லாம் நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆளில்லாத இடத்துக்குப் போவது என்ன பெரிய வேலை? கல்முனையில் எங்கள் வீட்டு முன் அறைக்குள் போய்விட்டு வரட்டும் பார்ப்போம்.

அந்த முன் அறை என்னுடையது. அதாவது, என்னுடையதாக இருந்தது. கடற்காற்று வரும் ஜன்னல், என் கட்டில், சுவரில் கொழுவிய என் சேட். வயதுபோன ஒருத்தனுக்கு இதற்குமேல் துனியாவில் என்ன வேண்டும்? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு வட்டவிதானையாக இருந்து ஊரார் வயலுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் கிடைத்தவன் மறந்தான், கிடைக்காதவன் ஏசினான். அந்த ஏச்சையெல்லாம் வாங்கி முடித்து, கடைசியில் கால் நீட்டிப் படுக்கக் கிடைத்தது அந்த அறை.

என் மகள் ஸாலிஹாவின் புருசன் றிப்தி அரசாங்க உத்தியோகத்தர். எந்தக் காரியாலயம் என்று சொல்லமாட்டேன். சொன்னால், அங்கே வேலை நடக்கிறது என்று யாராவது நம்பி அலையக்கூடும். அவர் ஒருநாள் ‘களப் பயணம்’ என்று சாகாமம் பக்கம் போய்விட்டு, சோற்றுப் பெட்டிக்குள் ஒரு நட்டுவக்காலியோடு வந்து இறங்கினார். உள்ளங்கை நீளத்தில், கறுப்பாய், நண்டுக்கு வால் முளைத்தது போல ஒரு பெரிய தேள்.

“மாமா, இவருக்குப் பேரு சுல்தான்” என்றார்.

“ஆம்புளயெண்டு எப்பிடி மருமகன் கண்டுபிடிச்ச?”

“பார்வையப் பாருங்க மாமா. எவ்வளவு கோவம்! ஆம்புளதான்.”

நான் என் மகளின் முகத்தை ஒருதரம் பார்த்தேன். பிறகு மருமகனைப் பார்த்தேன்.

சுல்தானுக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது, மணல் வந்தது, ஒளிந்திருக்கச் சிரட்டை வந்தது. ‘சீரான வெப்பநிலை’ மட்டும்தான் வரவில்லை. அது என் அறையில் இருக்கிறதாம். எனக்கு ‘தற்காலிக இடமாற்றம்’ கிடைத்தது. மண்டபத்தில், றிப்தியின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், ஒரு பாய். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் பென்சன் வரைக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பென்சனும் இல்லை.

“தேளைத் தொழுகையிலயும் அடிக்கலாமெண்டு எங்களுக்கு ஓதித்தந்த லெப்பை சொல்லித் தந்தாரு” என்று மகளிடம் முறைப்பாடு செய்தேன்.

“அது வீட்டுக்க வாற தேளுக்கு வாப்பா. இது வீட்டில உள்ள தேள்” என்றாள் ஸாலிஹா. அவள் பட்டதாரி.

இப்படி இருக்கும்போதுதான் சுல்தானின் நடத்தையில் மாற்றம் ஏற்பட்டது. கரப்பான் பூச்சியைப் போட்டால் தின்பதில்லை. சிரட்டைக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார். தொட்டால் வாலைத் தூக்கினார். பகல் முழுக்கத் தூங்கினார். வீடு கலங்கிப்போனது. றிப்தி லீவு போட்டார். கொழும்பில் ‘பிராணி நடத்தை ஆலோசகர்’ என்று ஒரு பெண்பிள்ளை இருக்கிறாவாம், பெயர் நதீரா. அவ போன் திரைக்குள் வந்து உட்கார, என் அறையில் அவசரக் கூட்டம் தொடங்கியது. அந்த அறைக்குள் நானும் ‘பார்வையாளர்’ என்ற முறையில் அனுமதிக்கப்பட்டேன்.

“எப்ப இருந்து சாப்பிடல்ல?” என்று கேட்டா நதீரா.

“ஒரு கிழமைக்கு மேலே, மெடம்.”

“வீட்டில ஏதும் சத்தம், சண்டை?”

றிப்தி என்னைப் பார்த்தார். ஸாலிஹாவும் என்னைப் பார்த்தாள். நான் சுல்தானைப் பார்த்தேன்.

“மாமா கொஞ்சம் செருமுவாரு” என்றார் றிப்தி.

“அதுதான். தேளுக்குக் காது இல்ல, ஆனா அதிர்வு காலால விளங்கும். பெரியவர், நீங்க செருமுறத்தக் குறைக்க ஏலுமா?”

“குறைக்கலாம், மகள். மூச்சு விடுறத்த நிப்பாட்டினாச் செருமலும் நிண்டுரும்” என்றேன்.

“வாப்பா!” என்றாள் ஸாலிஹா.

“நானும்தான் ரெண்டு நாளா ராச்சோறு திங்கல்ல. முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் படுக்கன். தொட்டாக் கோவம் வருகுது. என்னையும் ஒருக்காக் கேளுங்களன், மகள்.”

நதீரா திரைக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்தா. “அது நடத்தை இல்ல பெரியவர். அது குணம்” என்று தீர்ப்புச் சொன்னா.

படித்தவர்களின் சொல்லை நான் எப்போதும் மதிக்கிறவன். ஆகவே அன்று முதல் செருமல் வந்தால் முற்றத்துக்கு ஓடிப்போய்ச் செருமினேன். தேளுக்காக முற்றத்தில் செருமிய முதல் வட்டவிதானை நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் சுல்தான் தின்னவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எனக்கு மூளை இருக்கிறது என்று நான் நம்பிய கடைசி நாள் அதுதான்.

எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். கல்யாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்பிள்ளைக்கு. நானும் இந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவன்தான். என் மருமகனும் அப்படி வந்தவர்தான். ஆகவே, சுல்தானுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால்?

“மருமகன்,” என்றேன், எவ்வளவு இரக்கம் முகத்தில் வருமோ அவ்வளவையும் வரவழைத்துக்கொண்டு, “அவன் குமர்ப்பொடியன். தனிச்சுக் கிடக்கான். சோறு இறங்குமா? ஒரு பொண்ணப் பாருங்க.”

றிப்தியின் கண் கலங்கியது. “மாமா, நீங்க இவ்வளவு யோசிப்பீங்கெண்டு நான் நினைக்கல்ல.”

“நானும் நினைக்கல்ல” என்றேன். அது உண்மை.

பாலமுனையில் அப்துல் ஸமட் என்று ஒருவர் இருக்கிறார். வயதுக்கு மூத்தவன் என்று என்னை ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவர். நெல் யாவாரம், அவருக்கும் தேள் வளர்க்கிற இந்த வருத்தம். அவருடைய வீட்டில் ‘றாணி’ என்று ஒரு நட்டுவக்காலி. பேச்சுவார்த்தை தொடங்கியது. மாப்பிள்ளையை இங்கேயே வைத்து, பெண்ணைக் கொண்டுவரலாமா என்று றிப்தி இழுத்தார். நான் எழும்பி நின்றேன்.

“அது என்ன கதை? நம்மட ஊரில எந்தக் காலத்தில பொண்ணு மாப்புள வீட்டுக்கு வந்திரிக்கி? நாலு பேரு என்ன கதைப்பாங்க? வழமையெண்டா வழமைதான். மாப்புளதான் போகோணும். போனவன் திரும்பி வாறல்ல. நான் வந்தனே, திரும்பிப் போனனா?”

றிப்தி தலையை ஆட்டினார். அப்துல் ஸமட்டும் போனில், “காக்கா சொல்லுறதுதான் நியாயம். பொண்ணுக்கு எண்டு புதுக் கண்ணாடி வீடே கட்டி வெச்சிரிக்கன்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை புறப்பட்டார். சோற்றுப் பெட்டியின் மூடிக்குத் துளை போட்டு, மேலே ஒரு புதுக் கைலேஞ்சியைப் போர்த்தி, ஸாலிஹா மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். நான் அத்தர் பூசினேன். தேளுக்கல்ல, எனக்கு. சம்பந்தி வீட்டில் கோழிக்கறியும் எருமைத் தயிரும். ஸமட் என்னைத் தனியே கூப்பிட்டு, “மாப்புள எப்பிடி, நல்ல குணமா?” என்று கேட்டார்.

“தங்கம். வாயத் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கமாட்டான்” என்று உத்தரவாதம் கொடுத்தேன்.

பிறகு பெட்டியைத் திறந்து சுல்தானைப் பெண் வீட்டுக்குள் விட்டோம். இருவரும் கையைக் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் முன்னும் பின்னும் நடந்தார்கள். “பாருங்க, எவ்வளவு ஒத்துமை!” என்றார் றிப்தி. எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னோம். நான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பாயைச் சுருட்டினேன். கட்டிலைத் தட்டி, தலையணையைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டேன். கடற்காற்று வந்தது. மனம் நிறையச் செருமினேன். அந்த அறைக்குள் அப்படி ஒரு செருமலைக் கேட்டு எவ்வளவு காலம்!

விடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது போன் அடித்தது. ஸமட்.

“காக்கா! ஒங்கட மாப்புள எங்கட புள்ளயத் திண்டுட்டான்!”

“என்ன?”

“திண்டுட்டான் காக்கா! ரெண்டு இடுக்கியும் வாலும்தான் மிச்சம். நல்ல குணமெண்டு நீங்கதானே சொன்ன?”

“கதைக்கமாட்டான் எண்டுதானே சொன்னன். திங்கமாட்டான் எண்டு சொன்னனா?”

ஸமட் போனை வைத்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது.

பாலமுனைக்கு ஓடிப்போய் றிப்தி சுல்தானின் அடிவயிற்றைப் படம் பிடித்து நதீராவுக்கு அனுப்பினார். பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேரும்போதே அவ திரைக்குள் காத்திருந்தா. மகிழ்ச்சியில் அவவின் கண்ணாடி மினுங்கியது.

“இது ஆம்புளையே இல்ல! கீழ இரிக்கிற சீப்பு மாதிரி உறுப்பப் பாருங்க, சின்னன். பொம்புள. வயிறும் ஊதியிரிக்கி. குட்டி தங்கியிரிக்கி. அதுதான் இவ்வளவு நாளும் சாப்பிடாமக் கிடந்திரிக்கா. பாவம், நாங்க விளங்கல்ல!”

எனக்கு விளங்கவேயில்லை. “மகள், சாப்பிடல்ல சாப்பிடல்ல எண்டீங்க. ராவைக்கு ஒரு முழுப் பொண்ணையே திண்டிரிக்கி. அப்ப வயிறு ஊதாதா? கலியாணச் சாப்பாடு சாப்பிட்டா எனக்குந்தான் ஊதுது. எனக்கும் குட்டியா?”

“பெரியவர், இது விஞ்ஞானம்.”

“விஞ்ஞானமோ என்னமோ, அந்த வயித்துக்க கிடக்கிறது ஸமட்டுட றாணி.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஸாலிஹா பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள். சுல்தான் ஒரு நிமிடத்தில் சுல்தானா ஆகிவிட்டா. ‘அவன்’ எல்லாம் ‘அவ’ ஆனது. மகள் நேரே முன் அறைக்குள் போனாள். என் தலையணையை எடுத்து என் கையில் தந்தாள்.

“புள்ள, மாப்புள போனாத் திரும்பி வாறல்ல எண்டு பேசித்தானே அனுப்பின?” என்றேன்.

“மாப்புள இல்லையே வாப்பா. இது பொம்புளப் புள்ள. பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு? வழமையெண்டா வழமைதான் எண்டு நீங்கதானே எழும்பி நிண்டு சொன்ன?”

நான் முப்பது வருசம் வாய்க்கால் வழக்குத் தீர்த்தவன். சட்டம் என் பக்கம் இல்லை என்றால் எனக்கு உடனே தெரியும். பிறந்தது உம்மாவின் வீட்டில். மாப்பிள்ளையாக வந்தது பெண்சாதியின் வீட்டுக்கு. கிழவனானது மகளின் வீட்டில். ஆம்பிளைக்கு என்று ஒரு சுவர் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் தேளின் வீட்டில் குடியிருக்கும் நிலைக்கு வந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் நானே வாதாடி வென்ற வழக்கில்.

ஆனாலும் சொல்கிறேன். சீப்பைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து அவர்கள் சொன்ன எதையும் நான் இன்றுவரை நம்பவில்லை. அது ஆம்பிளைதான். பெண் வீட்டுக்குப் போன முதல் நாளே விசயம் விளங்கி, சண்டையைப் பேசித் தீர்க்காமல் தின்று தீர்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான். எங்கள் ஊர் மாப்பிள்ளைகளில் அவன் ஒருவனுக்குத்தான் அந்தத் துணிவு வந்தது. இந்த விளக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். யாருக்கும் நேரமில்லை, குட்டிகளுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். றிப்தி பின்னாலிருந்து கூப்பிட்டார். என்னைத்தான் நில்லுங்கள் என்று சொல்லப்போகிறாராக்கும் என்று நினைத்து நின்றேன்.

“மாமா, கதவ மெல்லச் சாத்துங்க. அவ பயந்திருவா.”

மெல்லத்தான் சாத்தினேன். அந்த வீட்டில் கொட்டத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பது கதவுக்குக்கூடத் தெரியும்.