பழக்காரரின் நாக்கு

ஒஸ்லோவில் பழங்களை மரியாதையாக நடத்தத் தெரிந்த ஒரே மனிதர் பழக்காரர்தான். மனிதர்களை அவர் எப்படி நடத்தினார் என்பது வேறு விஷயம். அதில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் அவர் பழம் வாங்குவதை ஒருமுறை பார்த்தேன். வாங்கினார் என்று சொல்ல முடியாது. ஒரு ஏப்ரிகொட்டை எடுத்தார், மூக்கருகே பிடித்தார், கண்ணை மூடினார். பிறகு செத்த வீட்டில் கை கொடுப்பவரைப் போல அதை மெதுவாகத் திருப்பி வைத்தார். அடுத்ததற்கும் அதே அனுதாபம். பதினாறாவது பழத்தில் கடைப்பெண் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

"எனக்கில்லைப் பிள்ளை, இதுகளுக்குத்தான். நித்திரையில இருக்கேக்க பிடுங்கியிருக்கிறாங்கள்."

அவர் ஆர்மேனியர். அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடியில் எட்டாம் தளம், நாங்கள் ஏழு. தொழில், லிஃப்ட் திருத்துவது. நீளமான சொந்தப் பெயர் ஒன்று கதவில் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் வந்துவிடும் என்று என் மனைவி 'பழக்காரர்' என்று பெயர் வைத்தாள். அவரோடு நான் பேசியது நோர்வேஜிய மொழியில். அந்த மொழியை அவர் கிழக்கிலிருந்தும் நான் தெற்கிலிருந்தும் தாக்குவோம். நடுவில் அது சரணடைந்துவிடும். அந்தச் சேதத்தை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லாததால், இங்கே அவரை யாழ்ப்பாணத் தமிழில் பேச வைத்திருக்கிறேன். வேறு தமிழ் எனக்கும் வராது.

பழக்கம் தொடங்கியதே லிஃப்டில்தான். என் மனைவி ஒருநாள் நாலாம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் நடுவே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். வேலையால் வந்த பழக்காரர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஆயுதப் பெட்டியோடு இறங்கினார். உள்ளே இருப்பவர் பயந்துவிடக்கூடாது என்று, கதவை நெம்பியபடியே பேச்சுக் கொடுத்தார்.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. எங்கட நாட்டில மல்பெரி எப்பிடிப் பிடுங்கிறது தெரியுமோ? பிடுங்கிறேல்லை. மரத்துக்குக் கீழ வெள்ளைத் துணி விரிச்சு, ஒராள் ஏறிக் குலுக்கவேணும். மழை மாதிரிக் கொட்டும். வெள்ளைப் பழம், தேன். அதைப் பீப்பாயில புளிக்க விட்டு, செப்புக் கிடாரத்தில காய்ச்சி வடிச்சு, பிறகு மல்பெரிப் பலகையிலயே செய்த பீப்பாயில ஊத்தி வைச்சால், மெல்ல மெல்லப் பொன் நிறத்துக்கு வரும். அவசரப்படக்கூடாது. நாலைஞ்சு வருசம்."

உள்ளிருந்து என் மனைவியின் குரல் தமிழில் வந்தது. "இஞ்சேருங்கோ, லிஃப்ட் திறக்காட்டிலும் பரவாயில்லை, அந்த மனிசனைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"தங்கச்சி என்ன சொல்லுறா?"

"நல்லா இருக்காம் அண்ணை. தொடரட்டாம்."

தொடர்ந்தார். அன்று மாலைக்குள் அந்தத் தளத்திலிருந்த எல்லோருக்கும் ஓகி என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆர்மேனியர்கள் பழத்திலிருந்து வடிக்கும் சாராயத்தின் பொதுப்பெயர் அது. மல்பெரியில் ஓகி, ஏப்ரிகொட்டில் ஓகி, பேரிக்காயில், பிளம்ஸில். எல்லாவற்றுக்கும் மேலே ஹோன் என்ற ஒன்று: ஒலிவ் காய் அளவில் ஒரு சிவப்புப் பழம், பாதி உடம்பு கொட்டை. மூட்டைக் கணக்கில் போட்டால் போத்தல் கணக்கில் வருமாம். அதனாலேயே அரச மரியாதை.

நோர்வேயில் வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். பழக்காரரோ சட்டத்துக்குப் பயந்தவர். வெறிச்சோடிய தெருவிலும் பச்சை விளக்குக்காக நிற்பார். ஆகவே நான் அறிந்த பதினோரு வருடங்களிலும் அவர் வடித்ததெல்லாம் வாயால்தான்.

நான் நூலகத்தில் வேலை செய்பவன். கேட்டதைச் சரிபார்க்கும் வியாதி உண்டு. ஏப்ரிகொட்டின் லத்தீன் பெயரிலேயே ஆர்மேனியா இருக்கிறது என்று அவர் சொன்னதைத் தேடிப் பார்த்தேன், உண்மைதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மரம் முதலில் சீனாவிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்கள் என்பதையும் போய்ச் சொன்னேன். இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர் ஹம்மர்பெஸ்டில் பிறந்தவர். அவ்வளவு வடக்கில் பழம் என்றால் உருளைக்கிழங்கு. அவர் ஒருநாள் நட்பாக, உறவினர் எவரோ கொடுத்த வீட்டுச் சாராயத்தை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

"என்ன பழம்?" என்று கேட்டார் பழக்காரர்.

"பழமோ? சீனி."

பழக்காரர் கிளாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சீனிக்கு மரம் எங்கை?" என்று கேட்டுவிட்டு, கிளாஸைத் தொடாமலே போய்விட்டார். அந்தப் பெரிய மனிதர் அன்று முழுவதும் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சமநிலைக்காக, எங்கள் பனையைப் பற்றிச் சொன்னேன். பாளையைச் சீவி, முட்டி கட்டி, கள் இறக்கி, அதைக் காய்ச்சினால் சாராயம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப பழம்?"

"பழம் வேற அண்ணை. இது பூவிலயே எடுக்கிறது."

"பூவிலயே பிடிச்சு இறக்கிப் போடுவியள். பழமாகிற வரைக்கும் பொறுக்கேலாதோ?"

எங்கள் இனத்தின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சித்து நான் வாசித்ததில்லை.

பொறுப்பது என்றால் என்னவென்று அவர் காட்டியது எங்கள் முற்றத்தில். அங்கே நாலைந்து புதர்கள் உண்டு. பனி முழுக்கக் கரைவதற்குள் இலை வருமுன்னே மஞ்சளாகப் பூத்துவிடும். அழகுக்கு நட்டவை. அதில் பழம் வருவதையே எவரும் கவனித்ததில்லை. பழக்காரர் கவனித்தார். அவை ஹோன். வெயில் நீடித்த வருடங்களில் இலையுதிர் காலத்தில் சிவக்கும். அதையும் பிடுங்கக்கூடாதாம். பிடுங்கினால் வழக்குப் பத்திரம்போலப் புளிக்கும். தானாக விழும்போதுதான் அது பழம். ஆகவே புதர்களின் கீழே படுக்கைவிரிப்புகளை விரித்து, ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: பொது முற்றத்தில் படுக்கைவிரிப்புகள் எவ்வளவு காலம் இருக்கும்? அவர் பதில் எழுதினார்: அதை என்னிடம் கேட்காதீர்கள்.

இரண்டு கிலோ சேர்ந்தது. சட்டத்துக்குப் பணிந்து ஜாம் காய்ச்சினார். என் மனைவி அதைப் புட்டோடு சாப்பிட்டுவிட்டு, "விசரன்தான், ஆனா கைப்பக்குவம் இருக்கு" என்று தீர்ப்பு எழுதினாள்.

அதற்கடுத்த வருடங்களில் நானும் ஒரு கதிரையோடு போய் உட்காரத் தொடங்கினேன். ஒரு பழம் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பது என்னைப்போன்ற சராசரி மூளைக்கு ஏற்ற வேலை. அப்படி ஒரு பின்னேரம், நான் கேட்காமலே சொன்னார்.

"எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். பத்தொன்பது வருசமாக் கதைக்கிறேல்லை."

"ஏன்?"

"சீனி போட்டவர்."

தகப்பன் இறந்த வருடம். சாவுக்குப் போயிருக்கிறார். மேசையில் வீட்டு மல்பெரி ஓகி. ஒரு வாய் வைத்ததுமே நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஊரே கூடியிருந்த அந்த மேசையில், "அப்பாவின்ர மரத்துக்கு இதைச் செய்திட்டாய்" என்று அண்ணனிடம் சொல்லி, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தவர்தான்.

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அந்த அண்ணன் வந்தார். எழுபத்து நாலு வயது, பழுதான இதயம், பெட்டிக்குள் ஒரு போத்தல் மல்பெரி ஓகி. வந்த நாலாம் நாள் மத்தியானம் பழக்காரரின் மனைவி அனாகித் எங்கள் கதவைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் இன்னும் ஒரு சொல் கதைக்கேல்லை. 'உப்பை எடுக்கச் சொல்லு' எண்டு இவர் எனக்குச் சொல்லுறார், நான் அவருக்குச் சொல்லுறன். நாளைக்கு அவர் போறார். அந்தப் போத்தல் திறக்காமத் திரும்பிப் போனால், இவை ரெண்டு பேரும் இனி உயிரோட சந்திக்க மாட்டினம். இண்டைக்குப் பின்னேரம் நீங்கள் வரவேணும். மேசைத் தலைவராக."

அவர்கள் வழக்கம் அது. யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் கிளாஸைத் தூக்கக்கூடாது. சொல்பவர் மேசைத் தலைவர். சகோதரர்கள் இருவரும் பேசாத இடத்தில் தலைவராக ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும்.

"போங்கோ," என்றாள் என் மனைவி. "ஒஸ்லோவில எந்தச் சங்கத்துக்கும் தலைவரா இல்லாத தமிழன் நீங்கள் ஒராள்தான். அந்தக் குறையும் தீரட்டும்." பிறகு, நான் என்ன செய்வேன் என்று தெரிந்தவளாகத் தானும் கூட வந்தாள்.

மூன்று சிறு அட்டைகளில் பேச்சு எழுதிக்கொண்டு போனேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, கீரைகள் நிறைந்த மேசை. நடுவில் போத்தல். என் மனைவி குடிப்பதில்லை என்பதால் அவளுக்கு ஒரு கோலாப் போத்தல். சகோதரர்கள் எதிரெதிரே இருந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். அண்ணன், தம்பியைக் கொஞ்சம் வெயிலில் காயப்போட்டது போல இருந்தார்.

தலைவர் என்ற முறையில் போத்தலைத் திறக்கச் சொன்னேன். அண்ணன் திறந்தார். விரிப்பில் சிந்திச் சிந்தி எல்லோருக்கும் ஊற்றினார். தம்பியின் முறை வந்தபோது, பழக்காரர் தன் கிளாஸை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அண்ணன் போத்தலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் என் முதல் அட்டை எனக்கு வாசிக்க வரவில்லை. ஏதோ பேசினேன். மரம், வேர், மனிதர் என்று ஒரு நிமிடம் நோர்வேஜிய மொழியில் உளறியதை அனாகித் பத்து வினாடியில் ஆர்மேனிய மொழியில் சொல்லி முடித்தார். சகோதரர்கள் மறுபடியும் சுவர்களைப் பார்த்தார்கள். பதற்றத்தில் மூளை நின்றுவிட்டது, கை நிற்கவில்லை.

கையின் கல்வி பற்றி நான் சொல்லவேண்டும். இந்த ஊரில் எங்கள் ஆண்கள் குடிக்கப் பழகியது, பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடு நடக்கும் மண்டபங்களின் வாகனத் தரிப்பிடத்தில். காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து, காகிதக் குவளையில், எவர் கண்ணிலும் நிறம் படாதபடி கோலா கலந்து. இருபத்தைந்து வருடப் பயிற்சி. அந்தக் கை தானாக நீண்டு, என் மனைவியின் கோலாவை எடுத்து, ஐந்து வருடம் மல்பெரிப் பீப்பாயில் கிடந்து பொன் நிறமான ஓகியில் விளிம்பு வரை ஊற்றியது.

இரண்டு கதிரைகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்டன. சகோதரர்கள் இருவரும் எழுந்து நின்று என்னைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள். அனாகித்தைப் பார்த்தேன்.

"மொழிபெயர்க்கிற மாதிரி ஒண்டுமில்லை," என்றார்.

அண்ணன் என் கிளாஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கறுப்பைத் தம்பிக்குக் காட்டினார். தம்பி தலையில் கைவைத்தார். அண்ணன் ஏதோ கேட்டார். தம்பி பதில் சொன்னார். அண்ணன் திரும்பக் கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"இந்த மனிசனுக்கு அறிவு இருக்கோ எண்டு அவர் கேக்கிறார்," என்றார் அனாகித் மிக மெதுவாக. "நூலகத்தில வேலை செய்யிறான் எண்டு இவர் சொல்லுறார். கதைக்கினம். விடுங்கோ, கதைக்கட்டும்."

என் மனைவி என் காதில், "உங்கட வாழ்க்கையில நீங்கள் செய்த ஒரே உருப்படியான வேலை," என்றாள்.

பழக்காரர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சை பாரும் காணும். எப்பிடிக் குடிக்கிறது எண்டு பாரும்." சொல்லிக்கொண்டே கவிழ்த்த கிளாஸை நிமிர்த்தி அண்ணனிடம் நீட்டினார். எனக்குப் பாடம் எடுக்கும் வேகத்தில் தான் என்ன செய்கிறார் என்பதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கவனித்தார். இந்த முறை ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பழக்காரர் முகர்ந்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். கன்னக் கொடுப்புக்குள் வைத்திருந்தார், விழுங்கினார், மூச்சை விட்டார். அண்ணன் மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது மனிதர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதைப் பார்ப்பது நல்லதல்ல. நான் கீரையைப் பார்த்தேன்.

பழக்காரர் கண்ணைத் திறந்து ஆர்மேனிய மொழியில் இரண்டே சொல் சொன்னார்.

"தனிப் பழம்," என்றார் அனாகித். அதற்குமேல் அவரால் மொழிபெயர்க்க முடியவில்லை.

அண்ணன் நிறையப் பேசினார் அதற்குப் பிறகு. அனாகித் பின்னர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. தகப்பன் செத்த அந்த வருடம் ஆலங்கட்டி மழை மல்பெரியை அழித்துவிட்டதாம், பழைய பீப்பாய்களும் காலியாம். சாவீட்டுக்கு வந்தவர்களைக் கிளாஸ் கொடுக்காமல் அனுப்ப முடியாது. ஊரெல்லாம் கேட்டும் பழம் கிடைக்கவில்லை. சீனிதான் கிடைத்தது. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் தம்பி எழுந்து போய்விட்டார். பழக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை என் பேச்சு தேவைப்படவில்லை. கோலாவும் மேசையிலிருந்து அகற்றப்பட்டிருந்தது.

மறுநாள் அண்ணனை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த பழக்காரரை நிலவறைச் சலவை அறையில் கண்டேன். மேசை விரிப்பை இயந்திரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அருமையான சாமான் அண்ணை," என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று. "தனிப் பழம்."

அவர் இயந்திரத்தின் கதவை மூடினார். உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது.

"அதிலயும் சீனி இருந்தது," என்றார்.

நான் என் சலவைக் கூடையைக் கீழே வைத்தேன்.

"கனக்க இல்லை. அவருக்கு வயது போட்டுது. மரத்தில ஏறிக் குலுக்க ஏலாது. கீழ எட்டினதைப் பொறுக்கியிருப்பார், காணாததுக்குச் சீனி போட்டிருப்பார்." என் தோளில் கையை வைத்தார். "அனாகித்துக்கும் சொல்லேல்லை. நீரும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில். இந்த ஆனி மாதம் அவர் இங்கே இல்லை. அண்ணனிடம் போயிருக்கிறார், மரத்தில் ஏற. அறுபத்தெட்டு வயது. எட்டாம் தளத்தில் ஜன்னல் இருட்டாக இருக்கிறது. கவனமாக ஏறவேண்டும் என்று நான் ஏழாம் தளத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.