தக்காளிக்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை

மருமகள் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"செர்ரித் தக்காளி எங்க மாமா? போன வாரம் நாலாவது வரிசையில இருந்துச்சே?"

அதை நீக்கச் சொன்னது அத்தைதான் என்று அவர் விளக்கினார். கோலிக்குண்டு அளவில் நூறு பழத்தை யார் உட்கார்ந்து நறுக்குவது என்று மனைவி கேட்டிருந்தாள். கேள்வியில் நியாயம் இருந்ததால் அந்த ரகத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மருமகள் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு பெரிய ஆலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அங்கே ஒரு குண்டூசிகூட உள்ளே வந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் 'மூணு கொட்டேஷன்' என்றுதான் பேர். அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான்.

ஓய்வு பெற்ற முதல் வாரம் சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டு, சர்க்கரை எடுப்பதற்குச் சீட்டு எழுதும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டாவது வாரம், மாடி சும்மாதானே கிடக்கிறது, ஆறு தொட்டி வைத்துத் தக்காளி போடலாமே என்று மனைவியே யோசனை சொன்னாள். எந்த ரகம் என்பதை மட்டும் அவசரப்படாமல் விசாரித்து முடிவு செய்யச் சொன்னாள்.

விசாரித்தார். குட்டை ரகம் தொட்டிக்கு அடக்கம், ஆனால் காய் மொத்தமும் ஒரே சமயத்தில் பழுத்துத் தொலைக்கும். அத்தனையையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றாள் மனைவி. கொடி ரகம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும், ஆனால் ஆளுயரத்துக்கு மேல் கம்பு நட வேண்டும். துணி எங்கே காயப்போடுவதாம் என்றான் மகன்.

ரகத்துக்கு இரண்டு தொட்டி என்று சமரசம் பேசிப் பார்த்தார்.

"ஒண்ணுக்குத் தண்ணி, ஒண்ணுக்கு எரு, ஒண்ணுக்குக் கம்பு. மாடி என்ன ஆராய்ச்சிக் கூடமா?" என்றாள் மனைவி.

அடுத்து ருசித் தேர்வு வைத்தார். சந்தையில் கிடைத்த ஏழு வகைத் தக்காளியை அரிந்து, எண் ஒட்டிய தட்டுகளில் பரப்பி, மதிப்பெண் போடச் சொன்னார். ஐந்தாம் எண்ணுக்கு மகன் பத்துக்குப் பத்து போட்டான். அதே எண்ணுக்கு மனைவி பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'சவசவ' என்று குறிப்பும் எழுதினாள். பிணக்கைத் தீர்க்க அறிக்கையில் புளிப்புக்கு ஒரு பத்தி, தோலின் தடிமனுக்கு ஒரு பத்தி கூடின.

விதைக்கடைக்குத் தினமும் நடந்தார். கடையை நடத்திய பெண் பொறுமைசாலி. அவர் எந்த ரகத்தைக் கேட்டாலும் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, நிதானமாக ஒரு சந்தேகத்தைக் கிளப்புவாள்.

"நல்ல ரகம்தான் சார். ஆனா இலை சுருண்டுக்கும்."

மறுநாள், பழம் வெடிக்கும் என்பாள். அதற்கு மறுநாள், புதிதாக ஒன்று வரப்போகிறது, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்பாள். இப்படி ஒரு நேர்மையான வியாபாரியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று அவர் வீட்டில் வியந்தார்.

அறிக்கை பத்தொன்பது ரகங்களாக வளர்ந்தது. நாலு பெரிய தாள்களை ஒட்டிச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்ததால் குடும்பம் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அவரை அரித்தது வேறு. வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். மாதக் கடைசிக்குள் விதைத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, அவருடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பழைய உதவியாளன் வாராவாரம் போன் செய்தான்.

"நாத்து வந்துருச்சா சார்?"

"பரிசீலனையில இருக்கு."

ஆலைக்கே அத்தனையும் வாங்கிப் போட்ட கை, ஒரு விதைப் பொட்டலம் வாங்க முடியாமல் தவித்தது. கடைசி வாரம் அவன் இன்னும் பணிவாகக் கேட்டான்.

"நான் வேணா ஏதாவது ஒரு பாக்கெட் வாங்கி அனுப்பட்டுமா சார்?"

ஏதாவது ஒரு பாக்கெட். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் எழுந்ததும், பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை, ஆலைக்குள் வெள்ளம் புகுந்தபோது மட்டும் பயன்படுத்திய விதியை எடுத்தார். அவசரக் கொள்முதல்: ஒப்பீடு தேவையில்லை, பிறர் கையெழுத்தும் தேவையில்லை. தாளின் அடியில் தேதியிட்டுத் தான் மட்டும் ஒப்பமிட்டு, யாரிடமும் சொல்லாமல் கடைக்கு நடந்தார்.

"என் அறிக்கையில ஏழாம் நம்பர். கொடி ரகம். ஒரு பாக்கெட்."

அந்தப் பெண் திகைத்துப்போய் ஸ்டூலை இழுத்தாள். நேற்றுத்தான் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பழம் கறுப்பாக இருக்கும், பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள்.

"வேண்டாம்."

"வேர் அழுகல் பத்தி யோசிச்சீங்களா சார்?"

"அழுகட்டும்மா. கட்டிக் கொடு."

கொடுத்தாள். முப்பத்தோரு வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. சட்டைப்பையில் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வாசல்படியில் செருப்பை மாட்டினார். உள்ளே அவள் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"மன்னிச்சுக்குங்கம்மா, நீங்க சொன்ன மாதிரி ரெண்டரை மாசம் இழுத்துப் பிடிச்சேன், இன்னிக்கு என்னால முடியல, சார் வாங்கிட்டாரு, இனிமே பகல் பூரா உங்க வீட்லதான் இருப்பாரு."