சராசரிக்காரரிடம் ஒரு கேள்வி

உலகத்தில் சராசரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து நாற்காலிக்காரர் இருமினால் நாம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்போம்; சராசரிக்காரரோ, இந்த வயதுக்காரர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த மாதத்தில் இருமுகிறார்கள் என்று சொல்லி, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிப்பார். கல்யாணத்துக்கு வந்து விவாகரத்து விகிதம் சொல்வார். துக்க வீட்டுக்கு வந்து, போனவர் சராசரி ஆயுளைவிட மூன்று வருஷம் கூடுதலாக இருந்துவிட்டதாகச் சொல்லி, அழுகிறவர்களைத் தேற்றுவார். இதுவரை யாரும் அவரை அடித்ததில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேறெங்கும் தேட வேண்டாம். நான்தான் அது.

எனக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிவர வேலை. பதினோரு வருஷமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்: பொருளாதாரம் வளர வளர, தற்கொலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்ன ஆகிறது? வசதியான நாடுகளில் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று ஆண்கள் என்ற கணக்கில் போய்விடுகிறார்கள். வசதி குறைந்த பல இடங்களில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. சாப்பிடும்போது பேசுகிற விஷயமா இது என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். நான் சாப்பிடும்போதுதான் பேசுவேன். கீழே வருமானம், பக்கவாட்டில் விகிதம், நடுவில் ஒய்யாரமாக மேலேறும் ஒரு கோடு. பிள்ளைகளின் படத்தைப் பர்ஸில் வைத்திருப்பவர்கள் உண்டு. என் பர்ஸில் இருப்பது அந்தக் கோடு.

கணினியில் எண்களை ஏற்றுகிற அம்மா ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். ஒரு கூட்டத்தில், இடைவெளி சுருங்கும் இடங்களைப் பச்சை வண்ணத்தில் காட்டி, ஏதோ சமத்துவமே வந்துவிட்டது போல நான் பூரித்து நின்றபோது அவர் கையைத் தூக்கினார்.

"சார், இடைவெளி சுருங்குதுன்னா, ஆம்பளைங்க சாகுறது குறையுதா, இல்ல பொம்பளைங்க சாகுறது கூடுதா?"

"ரெண்டும் நடக்கலாம்மா. விகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

"விகிதத்துக்குத் தெரியாது, சரி. உங்களுக்கு?"

நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

இனி என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை புருஷன். அச்சகத்தில் இருபது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். புது இயந்திரம் ஒன்று வந்து ஆறு பேர் வேலையைத் தனியாகப் பார்த்தது; வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆறு பேரில் அவரும் ஒருவர். அதே மாதம் தங்கைக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு. அவள் கிளம்பிப் போனதும் இவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்." என் ஆய்வறிக்கையின் எட்டாம் பக்கத்தில் இவரை அங்குலம் அங்குலமாக வர்ணித்திருக்கிறேன்: நடுவயது, வேலை இழந்தவர், மனம்விட்டுப் பேசாதவர். பிரமாதமான பக்கம். அதை எழுதிய மேதாவிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஆளை அடையாளம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்ப அவர் பஸ் நிறுத்தம் வரை வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுகிறவர்.

"மச்சான், நீங்க எழுதுறீங்களே, அந்த மாதிரி ஆளுங்க... அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லுவாங்களா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பதினோரு வருஷத்தில் குடும்பத்தில் ஒருவர் என் ஆராய்ச்சியைப் பற்றித் தானாக வாய்திறந்து கேட்கிறார்! விடுவேனா? இரண்டு பஸ்களை விட்டேன். செய்தித்தாளின் ஓரத்தில் கோட்டை வரைந்தேன். வளர்ச்சி என்றால் என்ன, விகிதம் என்றால் என்ன, அதை வகுப்பது எப்படி, வகுக்கும்போது கத்துக்குட்டிகள் செய்யும் தவறுகள் யாவை என்று மூச்சுவிடாமல் அளந்தேன். "வேலை போன ஆம்பளைங்க இங்கதான் மாப்ள வருவாங்க" என்று பேனா முனையால் இடத்தைக்கூடத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா புரியுது மச்சான்" என்றார். நான் மூன்றாவது பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

எண் ஏற்றும் அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அவர் எதுக்கு சார் கேட்டார்?"

"ஒரு ஆர்வம்தான்."

"வேலைக்குப் போறாரா?"

"இல்ல, வேலை போயி ஏழு மாசம் ஆச்சு."

"யார்கிட்டயாவது பேசுவாரா?"

"அவ்வளவா இல்ல. அதுவும் அந்தப் பிரிவுக்கே உரிய..." என்று தொடங்கி, பாதியில் நின்றேன். எட்டாம் பக்கம் எனக்கு மனப்பாடம்.

அந்த அம்மா மேஜைமேல் கிடந்த என் கைபேசியை என் பக்கம் தள்ளினார். "முதல்ல கூப்பிடுங்க சார்."

மாப்பிள்ளை எடுத்தார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "கடந்த முப்பது நாட்களில்..." எங்கள் கேள்வித்தாளின் முதல் வரி! அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"மாப்ள, நேத்து கேட்டீங்களே, அது உங்களுக்காகவா? செத்துடலாம்னு தோணுதா?"

"ஆமா மச்சான்" என்றார். பிறகு, "நேத்தே கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"தனியா இருக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைங்க. நான் இதோ வர்றேன். போனை வைக்காதீங்க."

என் கைபேசியில் அவரோடு பேசிக்கொண்டே ஓடினேன். அந்த அம்மா மேஜைத் தொலைபேசியில் தங்கையை அழைத்தார். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. போய்ச் சேர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்க ஒன்றும் இல்லாமல் நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தங்கையும் வந்து சேர, மத்தியானம் மூன்று பேருமாக மருத்துவரிடம் போனோம்.

இப்போது வியாழக்கிழமைதோறும் அவரோடு நான் போகிறேன். சில வாரம் தேவலை. சில வாரம் சுமார். ஆனால் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதை விட்டுவிட்டார், "இன்னைக்கு மோசம் மச்சான்" என்கிறார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போன வாரம் அவர் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, காத்திருந்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று வெளியே எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், "எவ்வளவு மச்சான் விகிதம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

நீங்களும் சிரித்துக்கொண்டுதான் வந்தீர்கள். நல்லது. ஆனால் எங்கள் இனத்தில் சேரப் பட்டமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில், "நல்லவேளை, நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்களே, அது போதும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தொழில் பழக்கம், கோபிக்க வேண்டாம்: அந்த முடிவுக்கு வருமுன் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?